செர்மாட்டுக்குள் கார் ஏன் போவதில்லை?

"சுவிட்சர்லாந்தில் உள்ள செர்மாட், பணக்காரர்கள் ஸ்கீ விளையாடுவதற்கென்றே கட்டிய ஊரா? உள்ளே கார் கூட விடமாட்டார்களாமே, அது சுற்றுச்சூழல் அக்கறையா, வெறும் பந்தாவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பந்தா கொஞ்சம் உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் கார் கதை ஸ்கீயை விடப் பழைய ஒரு பிடிவாதத்தில் தொடங்குகிறது. சுவிஸில் பத்து வருடம் வேலை பார்த்தபோது அந்த ஊருக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். முதல் முறை போனபோது எனக்கும் இதே கேள்விதான். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் தெற்கே வாலிஸ் மாநிலம். ரோன் ஆற்றங்கரையில் விஸ்ப் என்று ஒரு சின்ன நகரம். அங்கிருந்து தெற்கு நோக்கி ஒரு ஒடுக்கமான பள்ளத்தாக்கு மேலேறுகிறது. சுமார் 35 கிலோமீட்டர் போனால் வழி முடிந்துவிடும். மூன்று பக்கமும் நாலாயிரம் மீட்டர் சிகரங்கள், அந்தப் பக்கம் இத்தாலி. அந்த முட்டுச்சந்தில் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது செர்மாட். நம் ஊட்டி இதைவிட அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். பூமத்திய ரேகையிலிருந்து அவ்வளவு தூரம் வடக்கே போய்விட்டால் 1,600 மீட்டரிலேயே குளிர்காலம் முழுக்கப் பனிதான். பெயரில் ஒரு பகட்டும் இல்லை. 'மாட்டெ' என்றால் புல்வெளி. 'புல்வெளியோரம்' என்பதுதான் ஊர்ப்பெயருக்கு அர்த்தம்.

அந்தப் புல்தான் ஊரின் முதல் சொத்து. கம்பு மாதிரியான ரை தானியம், கொஞ்சம் மாடு, நிறைய ஆடு. முகம் கறுப்பாகவும் உடம்பு வெள்ளையாகவும் சடைசடையாக ரோமம் தொங்கும் ஒரு செம்மறி இனம் இன்றும் அங்கே மேய்கிறது. ரை ரொட்டியை ஊருக்குப் பொதுவான அடுப்பில் வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் சுட்டு, மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவது வாலிஸ் மலையூர்களின் வழக்கம். காய்ந்து கட்டையாகிவிட்ட ரொட்டியை வெட்ட, பலகையில் பொருத்திய அரிவாள் மாதிரி தனிக் கத்தியே உண்டு.

ஹின்டர்டார்ஃப் என்ற பழைய தெருவில் இன்றும் முப்பது சொச்சம் மரக்கட்டடங்கள் நிற்கின்றன. வெயில் பட்டுப்பட்டுக் கருகின நிறத்தில். அவற்றில் சில தானியக் களஞ்சியங்கள். நம் ஊர்க் குதிர் போலத் தரையிலேயே வைக்கமாட்டார்கள். நான்கைந்து மரக்கால்கள், ஒவ்வொரு காலின் தலையிலும் பெரிய தோசைக்கல் போல ஒரு வட்டக் கல், அதற்கு மேல்தான் களஞ்சியம். எலி காலில் ஏறி வரலாம். கல்லின் அடிப்பக்கம் வந்ததும் தலைகீழாக நடக்க வழியில்லாமல் கீழே விழும். குனிந்து பார்த்தால் கல்லில் உளி பட்ட தடமெல்லாம் அப்படியே தெரிகிறது. இந்தத் தெருவிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால், ஒரு கைக்கடிகாரம் நம் ஊர் வீட்டு விலைக்கு விற்கும் கடைகள்.

காடு, மேய்ச்சல், தண்ணீர் எல்லாம் ஊர்ப் பொது. இப்படி விளைச்சல் சுருங்கிய இடத்தில் பொதுச்சொத்தில் புதிதாக ஒரு பங்காளி சேர்ந்தால் மற்ற எல்லோருக்கும் குறையும். அதனால் ஊர்ப் பூர்வகுடிகள் மட்டும் உறுப்பினராக உள்ள ஒரு சபை இருந்தது. அதை 'புர்கர்கெமைண்டெ' என்பார்கள். நான் இங்கே 'ஊர்ச்சபை' என்றே சொல்கிறேன். அது இன்றும் இருக்கிறது. பெர்ரென், யூலன், பீனர், டாக்வால்டர், லாவ்பர், ஆவ்ஃப்டென்பிளாட்டன் என்று திரும்பத் திரும்ப ஒரே குடும்பப் பெயர்கள். சர்ச் வளாகத்துக் கல்லறைகளில் படித்த பெயர்களையே அடுத்த பத்து நிமிடத்தில் ஹோட்டல் பலகையிலும் ஸ்கீ வாடகைக் கடையிலும் டாக்ஸிக் கதவிலும் படிப்பீர்கள். ஊரின் குணம் என்ன என்று யாராவது கேட்டால், இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியவில்லை.

வெளியாட்கள் வரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். தாவரம், பாறை, பனியாறு ஆராய வந்தவர்கள் முதலில். பாதிரியார் வீட்டில்தான் தங்கல். 1830களின் கடைசியில் லாவ்பர் என்ற டாக்டர் மூன்று படுக்கையோடு ஒரு சத்திரம் திறந்தார். 1850களில் அதை எடுத்து நடத்த வந்தவர் அலெக்சாண்டர் சைலர். அதே வாலிஸ் மாநிலத்தில் வேறொரு கிராமத்துக்காரர், சோப்பு காய்ச்சுவது தொழில். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் செர்மாட்டில் பாதிரியாராக இருந்தார், அந்தப் பழக்கத்தில் வந்தவர். சத்திரத்துக்கு மோன்டெ ரோசா என்று பெயர் வைத்தார். அந்த ஹோட்டல் இன்றும் அதே தெருவில் இருக்கிறது.

அப்புறம் 1865. மாட்டர்ஹார்ன் என்ற 4,478 மீட்டர் சிகரத்தை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பென்சிலைச் சீவி ஓரமாய் வளைத்த மாதிரி நிற்கும். டோப்லரோன் சாக்லேட் பெட்டியில் ரொம்ப காலம் இருந்தது. (உற்பத்தியில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போனபோது, சுவிஸ் அடையாளத்தைப் பயன்படுத்தும் சட்டம் குறுக்கே வந்து 2023இல் பெட்டியிலிருந்து மலையை எடுத்துவிட்டார்கள்.) சுற்றியுள்ள பெரிய சிகரங்கள் ஒவ்வொன்றாக மலையேறிகளுக்கு வசப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் யாருக்கும் மசியவில்லை. எட்வர்ட் விம்ப்பர் என்ற 25 வயது ஆங்கிலேயர், மரச்செதுக்குப் படம் வரைபவர், இத்தாலிப் பக்கமிருந்து பல முறை முயன்று தோற்றவர். இத்தாலியர்கள் தன்னை விட்டுவிட்டு ஏறக் கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவசரமாக மலையைக் கடந்து செர்மாட்டுக்கு வந்தார். கிடைத்த ஆட்களைக் கூட்டு சேர்த்தார். மொத்தம் ஏழு பேர். அவர்களில் ஹேடோ என்ற 19 வயதுப் பையனுக்கு மலையேற்ற அனுபவம் அநேகமாக இல்லை.

ஜூலை 14 மதியம் உச்சியைத் தொட்டுவிட்டார்கள். இறங்கும்போது ஹேடோவின் கால் வழுக்கியது. முன்னால் இருந்த, பிரான்சின் ஷமோனி ஊர் வழிகாட்டி மிஷெல் க்ரோவை அவன் இடித்துத் தள்ள, பின்னால் கட்டியிருந்த ஹட்சன் பாதிரியாரும் 18 வயது பிரபுவீட்டுப் பையன் ஃபிரான்சிஸ் டக்ளஸும் சேர்ந்தே இழுபட்டார்கள். அடுத்தவர் செர்மாட் வழிகாட்டி, மூத்த பீட்டர் டாக்வால்டர். அவருக்கும் டக்ளஸுக்கும் நடுவே இருந்த கயிறு அறுந்தது. நான்கு பேர் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே பனியாற்றில் விழுந்தார்கள். அறுந்ததால்தான் விம்ப்பரும் டாக்வால்டர் அப்பாவும் மகனும் பிழைத்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

அந்தக் கயிற்றை ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். என்னை நின்று பார்க்க வைத்தது அதன் தடிமன். மூன்று வகைக் கயிறு கொண்டுபோயிருந்தார்கள். அந்த இடத்தில் கட்டியது இருப்பதிலேயே நோஞ்சான். கிட்டத்தட்டத் துணி காயப்போடும் கொடி. நுனி பிரிந்து திரிதிரியாக இருக்கிறது. 'டாக்வால்டரே அறுத்திருப்பார்', 'வேண்டுமென்றே இளைத்த கயிறாகப் பார்த்துக் கட்டினார்' என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. ஊரிலேயே விசாரணை நடந்து அவர்மேல் குற்றமில்லை என்றார்கள். பேச்சு நிற்கவில்லை. மனிதர் சில வருடம் அமெரிக்காவுக்கே போய் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்தக் குடும்பப் பெயரும் இன்றைக்கு ஊர்க்கடைப் பலகைகளில் இருக்கிறது, சொன்னேனே.

லண்டன் பத்திரிகைகள் இதைப் பெரிய கலவரமாக்கின. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இப்படிச் சாக வேண்டும் என்று தலையங்கம். பலன் நேர் எதிர். செர்மாட் எங்கே இருக்கிறது என்று ஐரோப்பா முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த கோடைகளில் கூட்டம் குவிந்தது. மரணம் விளம்பரமான ஊர் என்று சிலர் ஏளனமாகச் சொல்வார்கள். முழுப் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

கூட்டம் வந்ததும் பணம் வந்தது, பணம் பெரும்பாலும் சைலரிடம் போனது. அவர் ஹோட்டல்மேல் ஹோட்டலாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஊர்க்காரர்கள் அவருக்கு வழிகாட்டி, கோவேறு கழுதை ஓட்டி, பால் ஊற்றுகிறவர். 1871இல் சைலர் ஊர்ச்சபையில் தன்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்தார். ஊருக்கு இவ்வளவு செய்தவர், இருபது வருடமாக அங்கேயே இருப்பவர். ஊர் முடியாது என்றது. அவரை விட்டால் காடும் மேய்ச்சலும் அவர் கைக்குப் போய்விடும் என்ற பயம். வழக்கு மாநிலம், மத்திய அரசு என்று மேலே மேலே போய் 18 வருடம் இழுத்தது. தீர்ப்பெல்லாம் அவர் பக்கம் வந்து, 1889இல் வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில், 1891இல், அவர் இறந்துபோனார்.

இந்த இடத்தில் ஊர்க்காரர்களைக் குறுகிய மனசுக்காரர்கள் என்று நினைத்துவிடுவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே காலத்தில் அவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். சைலருக்குப் போட்டியாக ஊர்ச்சபையே ஒரு பெரிய ஹோட்டல் கட்டியது. செர்மாட்டர்ஹோஃப், 1879. நம் குடிமராமத்து மாதிரி, வீட்டுக்கு ஒரு ஆள் என்று கூலியில்லாமல் கல்லும் மரமும் சுமந்து எழுப்பியது. இன்று அது ஐந்து நட்சத்திர ஹோட்டல். முதலாளி இன்றும் அந்தச் சபைதான். சுமார் 1,500 பேர் உறுப்பினர்கள். மலைமேல் பல உணவகங்கள், கேபிள் கார் கம்பெனியில் பங்கு, ஊரைச் சுற்றிய நிலம் எல்லாம் அவர்களிடம். ஆல்ப்ஸில் எத்தனையோ மலையூர்களில் வெளி முதலீட்டாளர் நிலத்தை வாங்கினார், ஊர்க்காரர் அதே நிலத்தில் வேலைக்காரர் ஆனார். இங்கே அப்படி ஆகவில்லை. சைலர் குடும்பமே பின்னாளில் ஹோட்டல் தொழிலிலிருந்து ஒதுங்கிவிட்டது. கழுதை ஓட்டியவர்களின் பேரன் பேத்திகள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

ரயில் 1891இல் வந்தது. விஸ்ப்பிலிருந்து செர்மாட் வரை, செங்குத்தான இடங்களில் மட்டும் பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அப்ட் முறை. ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ஓடத் தொடங்கிய நம் நீலகிரி ரயிலும் அதே முறைதான். அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிஸில் வின்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. கல்லாறு தாண்டியதும் கீழே 'கடக் கடக்' என்று பல் பிடிக்கும் சத்தம் வருமே, அதே சத்தத்தை அங்கே கேட்டபோது எனக்கு ஒரு நிமிடம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. 1898இல் செர்மாட்டிலிருந்து 3,089 மீட்டர் உயரமுள்ள கோர்னர்கிராட் முகட்டுக்கு இன்னொரு பற்சக்கர ரயில், முதல் நாளிலிருந்தே மின்சாரத்தில். அதுவும் மூன்று கட்ட மின்சாரம். இன்றைக்கும் அதே முறைதான். உலகத்திலேயே அந்த மாதிரி ஓடும் ரயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கவனித்தீர்களா, இதுவரை ஸ்கீ என்ற பேச்சே வரவில்லை. அதுதான் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வந்த முதல் திருத்தம். செர்மாட் அப்போது ஒரு கோடை ஊர். செப்டம்பர் முடிந்ததும் ஹோட்டல்களைப் பூட்டி, ரயிலை நிறுத்தி, வருகிற பனிச்சரிவுகளை எதிர்பார்த்து ஊர் தனக்குள் முடங்கிவிடும். சுவிஸின் மற்ற மலையூர்களான செயின்ட் மோரிட்ஸும் டாவோஸும் குளிர்கால விருந்தினர்களை வைத்து அறுபது வருடமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தபோதும் இங்கே குளிர்காலம் என்றால் மாட்டுக்கு வைக்கோல் போடுகிற காலம்தான். பழைய சைலரின் மகன் ஹெர்மன் சைலர் 1927-28 குளிர்காலத்தில் ஒரு ஹோட்டலைத் துணிந்து திறந்தார். ரயில் பள்ளத்தாக்கின் பாதியில், சாங்க்ட் நிக்லாவ்ஸ் வரைதான் போனது. அங்கிருந்து ஆங்கிலேய விருந்தினர்களைக் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிடித்துப்போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் ரயில் செர்மாட் வரை வந்தது. பனிச்சரிவு விழும் இடங்களில் தண்டவாளத்துக்கு மேல் கான்கிரீட் கூரை போட்டார்கள். போகும்போது ஜன்னலில் ஒரு சுரங்கமும் இல்லாத, வெளியும் இல்லாத இருட்டு வந்து வந்து போகும், அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை எல்லா ஸ்கீ ஊர்களுக்கும் பொதுவானது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட், நாற்காலி லிஃப்ட், கேபிள் கார் என்று ஒவ்வொரு மலைச்சரிவிலும். 1979இல் சின்ன மாட்டர்ஹார்ன் எனப்படும் 3,883 மீட்டர் முகட்டுக்கே கேபிள் கார். அதற்குமேல் ஐரோப்பாவில் எங்கும் கேபிள் கார் நிலையம் கிடையாது. 1980இல் பழனி விஞ்ச் மாதிரி ஒன்று, ஆனால் மலைக்குள்ளே சுரங்கம் தோண்டி, சுன்னெகா என்ற மேட்டுக்கு. இத்தாலிப் பக்கத்து செர்வீனியாவையும் சேர்த்துச் சறுக்குப் பாதைகள் 360 கிலோமீட்டர். காலையில் சுவிஸ் காபி, மதியம் இத்தாலியில் பாஸ்தா, பாதி விலையில். இது பகடி இல்லை, நிறையப் பேர் செய்கிற வேலை.

சீக்கிரம் சொல்லக் கூடாத ஒன்று 1963. அந்தக் குளிர்காலக் கடைசியில், விருந்தினர் நிரம்பி வழிந்த சமயத்தில், ஊரில் டைபாய்டு பரவியது. கழிவுநீர் குடிநீரில் கலந்திருந்தது. சில ஆயிரம் பேருக்கென்று இருந்த குழாயும் சாக்கடையும், ஹோட்டல் கூட்டத்தையும் பக்கத்தில் அணைக்கட்டு வேலைக்கு வந்தவர்களையும் தாங்கவில்லை. 437 பேர் படுத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். வீடு திரும்பிய விருந்தினர்கள் மூலம் செய்தி நாடு நாடாகப் போனது. பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள், ராணுவம் வந்தது, ஊரை மூடினார்கள். நோய் தெரிந்த பிறகும் சீசன் கெட்டுவிடக் கூடாதென்று ஊர் அமுக்கப் பார்த்தது என்ற பழி இன்றுவரை இருக்கிறது. கதவைத் தன் கையில் வைத்திருக்கும் ஊர், எதை வெளியே விடக் கூடாது என்பதையும் தானே முடிவு செய்யும். அந்தக் குணத்தின் இருட்டுப் பக்கம் அது.

சரி, காருக்கு வருகிறேன்.

ரயில் வந்த பிறகு ஊருக்கு மோட்டார் சாலை தேவைப்படவில்லை. பள்ளத்தாக்குச் சாலை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, ஐந்து கிலோமீட்டர் முன்னால் உள்ள டேஷ் என்ற கிராமம் வரை வந்து நின்றது. அங்கிருந்து செர்மாட் வரை எல்லோரும் போகும்படி சாலையைத் திறப்பதா என்று ஊரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 1972இல் வேண்டாம் என்று முடிவானது. பின்னால் மறுபடியும் பேச்சு வந்து, மறுபடியும் வேண்டாம். சாலை என்னவோ இருக்கிறது, ஆனால் ஒடுக்கமானது. அனுமதிச்சீட்டு உள்ள உள்ளூர்க்காரர்கள் மட்டும் ஊர் வாசல் வரை ஓட்டி வந்து அங்கேயே நிறுத்த வேண்டும்.

சுற்றுச்சூழல் அக்கறை என்று விளம்பரத்தில் இருக்கும். காற்று சுத்தமாக இருப்பது உண்மைதான். ஆனால் கணக்கு வேறு. கார் வந்தால் விருந்தினர் காலையில் வந்து மாலையில் போய்விடுவார்; ரயிலில் பெட்டி படுக்கையோடு வருகிறவர் ஒரு வாரம் தங்குவார். பனிச்சரிவு விழும் பள்ளத்தாக்கில் சாலையைத் திறந்து வைப்பது தனிச் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, சாலை வந்தால் யார் வருகிறார்கள், எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது ஊர் கையைவிட்டுப் போய்விடும். சைலரின் விண்ணப்பத்தைப் பதினெட்டு வருடம் தடுத்த அதே மனசுதான் இதுவும். இந்தத் தடவை லாபமாக முடிந்தது.

நடைமுறை எப்படி என்றால், டேஷில் இரண்டாயிரத்துக்கு மேல் கார் நிற்கும் பெரிய நிறுத்தம். கீழேயே ரயில். விமான நிலையத்தில் இருக்கும் தள்ளுவண்டி அங்கேயும் உண்டு. அதை அப்படியே ரயில் பெட்டிக்குள் உருட்டிக்கொண்டு போய், பன்னிரண்டு நிமிடத்தில் செர்மாட்டில் உருட்டி இறக்கலாம். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் நீங்கள் எதிர்பார்ப்பது நிசப்தம். அதை நம்பிப் போகாதீர்கள். சுமார் 500 மின்சார வண்டிகள் ஓடுகின்றன. ஊரிலேயே உள்ள பட்டறையில் செய்தவை, சந்துக்குத் தகுந்த அகலம், அலுமினியத் தகட்டில் பெரிய பிஸ்கட் டின் மாதிரி சதுரம். சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஓட்டுகிறவர்கள் ஆட்டோக்காரர்கள் மாதிரியேதான். சந்தில் எதிரெதிரே வந்துவிட்டால் யார் பின்வாங்குவது என்று ஒரு நிமிட முறைப்பு. வண்டிக்கும் அனுமதி வேண்டும். தொழிலுக்குத் தேவை என்று காட்டினால்தான் கிடைக்கும். கடைக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று ஒன்று வாங்கிவிட முடியாது.

வெளியாள் யாரும் தங்க முடியாதா என்றால், ஊரே வெளியாட்களால்தான் நடக்கிறது. நிலையாக இருப்பவர்கள் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் வெளிநாட்டவர் நிறைய, அதிலும் போர்ச்சுகீசியர்கள் மிகப் பெரிய குழு. மெத்தை விரிப்பு மாற்றுவது, பாத்திரம் கழுவுவது, பனி அள்ளுவது, லிஃப்ட் வாசலில் நிற்பது எல்லாம் அவர்கள். சுவிஸின் உணவகச் சமையலறைகள் 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்களின் உழைப்பிலும் ஓடியவை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மலையூர்களில் அதே அடுப்படியில் போர்ச்சுகல் பேச்சு கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் பலர் டேஷிலும் இன்னும் கீழேயும் தங்கி, விருந்தினர்கள் எழுவதற்கு முன்னால் வரும் ரயிலில் ஏறி வருகிறார்கள். விடுமுறை வீடுகள் ஒரு ஊரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் புதிதாகக் கட்டக் கூடாது என்று 2012இல் நாடு முழுவதும் வாக்கெடுப்பில் முடிவானது, ஆனாலும் இருப்பது இருப்பதுதான். சீசன் இல்லாத நவம்பரில் மாலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். வரிசையாக இருட்டு ஜன்னல்கள்.

ஊர்க்காரரில் ஒருவரைப் பற்றியாவது சொல்ல வேண்டும் என்றால் உல்ரிக் இன்டர்பீனனைச் சொல்வேன். 1900இல் பிறந்தவர், 2004இல் 103 வயதில் இறந்தவர், மலை வழிகாட்டி. மாட்டர்ஹார்ன் உச்சிக்கு 370 தடவைக்கு மேல் போயிருக்கிறார். கடைசித் தடவை தொண்ணூறு வயதை ஒட்டி. வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை. வேண்டியவர்கள் ஊர்ச் சதுக்கத்தில் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. எண்பது வயதுக்கு மேல் ஸ்கீ பந்தயத்தில் கலந்துகொள்ளத் தொடங்கி, தன் வயதுப் பிரிவில் எப்போதும் முதலிடம். அந்தப் பிரிவில் வேறு யாருமே இல்லை.

இப்போதைய பிரச்சினை பனி. 3,883 மீட்டர் வரை ஏறிவிட்டதால் செர்மாட் மற்ற ஸ்கீ ஊர்களைவிடப் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வார்கள், வருடம் முழுக்க ஸ்கீ என்று விளம்பரம் வேறு. 2022 ஜூலைக் கடைசியில் பனியாற்றில் பனி போதாமல் கோடை ஸ்கீயையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதே வருடம் நவம்பரை நோக்கி ஒரு பெருங்கனவு: செர்மாட்டில் தொடங்கி செர்வீனியாப் பக்கம் முடியும் உலகக் கோப்பைப் பந்தயம், இரண்டு நாட்டில் ஒரே ஓட்டம். 2022இல் பனி இல்லை. 2023இல் பனியாற்றின்மேல் மண் அள்ளும் இயந்திரங்கள் நின்று தோண்டும் படங்கள் வெளியாகிப் பெரிய சண்டை, கடைசியில் வானிலையும் கெடுத்தது. ஒரு பந்தயம் கூட நடக்கவில்லை, அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி ஊரில் கேட்டால், இரண்டு நாள் பந்தயத்துக்கு இவ்வளவு வம்பு தேவையா என்று சலித்துக்கொள்கிறவர்களே அதிகம். நானும் அந்தக் கட்சி.

பனியாறு உருகினால் நாட்டு எல்லையே நகர்கிறது. அங்கே சுவிஸ்-இத்தாலி எல்லை என்பது பனியின் முகடு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கோடு. பனி இறங்கியதால் கோடும் இடம் மாறியது. கட்டும்போது இத்தாலிப் பாறைமேல் இருந்த ஒரு மலைவிடுதியின் பெரும்பகுதி சுவிஸுக்குள் வந்துவிட்டது. கட்டில் ஒரு நாட்டில், கழிப்பறை இன்னொரு நாட்டில். வருடக்கணக்காகப் பேசி, கோட்டைத் திருத்த 2023இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதே சமயம் எதிர்ப்பக்கச் சிக்கலும் தீர்ந்தபாடில்லை: 2018 ஜனவரியில் பனி அளவுக்கு மீறிக் கொட்டி, சாலையும் ரயிலும் அடைபட்டு, பதின்மூன்றாயிரம் விருந்தினர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார்கள். முட்டுச்சந்து முட்டுச்சந்துதான்.

கடைசியாக, போவதாக இருந்தால் ஒன்றிரண்டு. ஸ்கீ தெரியாது என்பது தடையே இல்லை. பாதிப் பேர் சும்மா பார்க்கத்தான் வருகிறார்கள். சர்ச் பக்கத்துப் பாலத்துக்கு விடியலுக்கு முன்னால் போய் நில்லுங்கள், சிகர நுனியில் முதல் வெளிச்சம் விழுவதைப் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் அந்தக் கயிற்றைப் பாருங்கள். கோர்னர்கிராட் ரயில் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் மட்டும் அவசரப்படாதீர்கள். மேலே உள்ள கேமராவின் நேரடிக் காட்சி திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றால், மேலே போனாலும் அதேதான் தெரியும்.